காலிக் கட்டிலின் வெளிச்சம்

காலிக் கட்டில் கண்விழித்துவிட்டது.

கருவி அப்படித்தான் சொன்னது. இருட்டறைக்குள் ஈ காக்கை கிடையாது. ஒரு கட்டில், அதன் தலைமாட்டில் இரண்டு பக்கமும் ஒளியுணரிகள், அவ்வளவுதான். ஆனால் வெளியே கணினித் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது. கொஞ்ச நேரம் உச்சியில் நின்றது. பிறகு பொங்கிய பால் தணிவதுபோல மெல்ல இறங்கியது. மயக்க மருந்து தெளிந்து எழுகிற மனிதர்களுக்குத்தான் இப்படி ஏறும். இந்தக் கோட்டைக் காட்டித்தான் உலகத்தை அசத்தப்போகிறோம் என்று அந்த ஆய்வுக்கூடமே குதித்துக்கொண்டிருந்தது.

ஆய்வாளர் தாக் நாரே நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் எழுந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. எந்த நாற்காலியிலும் அவள் முழுசாக உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. கால் ஆடும், விரல் மேசையில் தாளம் போடும், பாதிப் பேச்சில் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். இன்றைக்கு எழுந்தவள் நின்ற இடத்தில் நின்றாள். அதுதான் புதுசு.

"கிவான், உள்ள யாருடா இருக்கா?"

"யாரும் இல்லக்கா. நீங்க சொன்ன மாதிரி உள்ள போனேன், சும்மா நின்னேன், வந்துட்டேன். ஏன், என்னாச்சு?"

"இன்னொரு தடவை போய்ட்டு வா."

போய்விட்டு வந்தான். கோடு ஏறியது.

"இன்னொரு தடவை."

"அக்கா, நான் என்ன லிஃப்டா, சும்மா ஏறி இறங்கறதுக்கு?" என்று முனகிக்கொண்டே மறுபடி போனான் கிவான். ஆய்வு மாணவன், நல்ல பையன், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் மட்டும் முகம் தொங்கிவிடும். திரும்பி வந்து அவள் தோளுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தவன், பசியை மறந்தான்.

விஷயம் இதுதான். உயிருள்ள எதுவும் துளித் துளியாக வெளிச்சம் கசியவிட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு சொற்பம். மூளையும் கசிகிறது. ஆய்வுக்கூடத்தின் தலைவர் பேராசிரியர் ஹாம் என்ன சொன்னார் என்றால், நரம்பிழைகளைச் சுற்றியிருக்கிற கொழுப்புறைக்குள் அந்த ஒளித்துளிகள் இரட்டையாகப் பிறக்கின்றன, குவாண்டம் இரட்டையாக. ஒன்றை அளந்தால் எங்கோ இருக்கிற மற்றதும் அதற்கு ஏற்ப நிற்கும், நடுவில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. கோடி கோடி நரம்பணுக்கள், ஒன்றுக்கொன்று முகம் பார்க்காதவை, அவையெல்லாம் சேர்ந்து எப்படி 'நான்' என்கிற ஒரே ஆளாகின்றன? இந்த இரட்டைகளால்தான் என்றார் ஹாம். தலையின் இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் விழுகிற துளிகளை எண்ணினால் போதும், உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றார்.

சிரித்தவர்கள் நிறையப் பேர். "மூளை சூடான சூப்பு சார். உறைகுளிர்ல அசையாம வச்சாலே உங்க குவாண்டம் இரட்டை கலைஞ்சு போகுது. சூப்புக்குள்ள சோப்புக் குமிழி ஊத முடியுமா?" என்று ஒரு கூட்டத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் கேட்டார். ஹாம் ஊருக்குத் திரும்பி இருட்டறை கட்டினார்.

அந்த இருட்டறைக்குள்தான் போன இலையுதிர்காலத்தில் நாரேயின் அண்ணன் ஹான்சோலைக் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

ஹான்சோல் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டுக்கு மேலே நின்று வேலை பார்க்கும்போது விழுந்தான். ஒன்றரை வருஷமாகிறது. கண் திறந்திருக்கிறது, மூச்சு விடுகிறான், யாரையும் பார்ப்பதில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்றார்கள் மருத்துவர்கள், மரியாதையான வார்த்தைகளில். விழுவதற்கு முந்தைய ஹான்சோல் ஒரு தனிப் பிறவி. யாராவது ஜோக் சொல்ல ஆரம்பித்தால், அது முடிவதற்குள் இவன் விழுந்து விழுந்து சிரித்துக் கெடுத்துவிடுவான். அவனிடம் முழு ஜோக் சொன்னவர்கள் தேஜான் நகரத்திலேயே கிடையாது.

அன்றைக்கு இருட்டறையில் முதலில் அவன் மனைவி யூரிமின் குரலைப் பதிவு செய்து, சுவரில் பதித்த குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். கோடு அசையவில்லை. பிறகு நாரே குழாயில் வாயை வைத்து, "அண்ணா, நான் நாரே" என்றாள். அசையவில்லை. கடைசியில் யூரிமையே உள்ளே அனுப்பினார்கள். அவள் போட்டிருந்த வெள்ளைச் சட்டைகூட வெளிச்சத்தைப் பிடித்துவைக்கும் என்று கறுப்பு அங்கி கொடுத்து, "பேர் சொல்லிக் கூப்பிடுங்க, வழக்கமா பேசுற மாதிரி பேசுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். கோடு எகிறியது. வெளியே வரச்சொல்லி மறுபடி அனுப்பினார்கள். மறுபடி எகிறியது. பேராசிரியர் ஹாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கிவான் வெளிப்படையாகவே அழுதான். நாரே அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அண்ணன் உள்ள இருக்கார். உங்க குரல் அவருக்குக் கேக்குது" என்றாள்.

அன்று யூரிமின் கைப்பையில் யோசு நகரத்துக்குப் போகிற ரயில் டிக்கெட் இருந்தது. மகள் பொமி அங்கே யூரிமின் அம்மா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து ஓய்ந்து, இனி குழந்தையோடு போய் இருந்துவிடலாம் என்று யூரிம் முடிவு கட்டியிருந்த சமயம். டிக்கெட்டை அங்கேயே கிழித்துப்போட்டாள். வரும் திங்கட்கிழமை பொமிக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது, முதல் வகுப்பு. அம்மா வரமாட்டாள் என்று அந்தக் குழந்தைக்குச் சொல்லியாகிவிட்டது.

இப்போது காலிக் கட்டிலுக்கும் அதே கோடு.

"அண்ணி போனதாலயா, கதவு திறந்ததாலயா?" நாரே தன்னையே கேட்டுக்கொண்டாள். அதை அன்றே கேட்டிருக்க வேண்டும். அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷத்தில் மூளை வேலை செய்யாது என்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

கதவு திறக்கும்போது உணரிகளின் மூடி தானாக மூடிக்கொள்ளும், கதவு சாத்தியபிறகுதான் திறக்கும். ஆகவே வெளிச்சம் நேராக விழ வழியில்லை. ஆனால் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிற முன்கூடம் இருக்கிறது. அங்கே ஆள் நின்றால் தானாக எரிகிற விளக்கு. எல்லா வீட்டு வாசலிலும் இருப்பதுதான். கதவு திறக்கிற அந்த நொடியில் அந்த விளக்கு உள்ளே எட்டிப்பார்க்கும். அதைக் குடித்துவைத்துக்கொண்டு பிறகு மெல்லக் கக்குகிற பொருள் ஏதாவது உள்ளே இருந்தால் தொலைந்தது. அப்படி எதுவும் இருக்கக்கூடாது என்பதற்காகச் சுவர்ச்சாயம், தரைவிரிப்பு, கட்டில் திருகாணி வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் உள்ளே விட்டிருந்தார்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். விரிப்பைப் புரட்டினார்கள். நாரே மண்டியிட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருந்தபோது, பின்னால் கிவானிடமிருந்து சத்தமே இல்லை.

"என்னடா?"

"அக்கா…" அவன் டார்ச் வெளிச்சம் கதவுக்கு மேலே நின்றிருந்தது. "மீன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கதவு நிலைக்கு மேலே, உள்பக்கமாக, வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது காய்ந்த பொல்லாக் மீன். அதன் வயிற்றைச் சுற்றித் தும்பைப்பூ வெள்ளையில் கட்டுக் கட்டாக நூல்.

இருட்டறை திறந்த நாளில் மாணவர்கள் எல்லோரும் முறைப்படி பூசை போட வேண்டும் என்றார்கள். அவித்த பன்றித் தலையை வைத்து, அரிசிக் கள் ஊற்றிக் கும்பிட்டுத்தான் எந்தப் புதுக் கருவியையும் ஓட்டுவது. பக்கத்து ஆய்வுக்கூடத்தில் போட்டார்கள், அவர்களுக்குக் கருவி ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. ஆனால் ஹாம் சர்ச் மூப்பர். பன்றித் தலை என்றதும் முகம் சிவந்துவிட்டது. "என் கூடத்துல பன்றிக்கு முன்னாடி யாரும் மண்டி போடக் கூடாது!" சரி, பன்றி வேண்டாம், கண்ணேறு படாமல் நூல் சுற்றிய மீன் ஒன்று மட்டும் கட்டிவிடுவோம் என்று கிவான் சந்தையில் வாங்கிவந்தான். எங்கே கட்டுவது? வாசலில் கட்டினால் வாத்தியார் கண்ணில் படும். "உள்பக்கமா மாட்டு. அங்க எப்பவும் இருட்டு. அவருக்கு எங்க தெரியப்போகுது?" என்றது யார்? நாரேதான். ஏணியைப் பிடித்ததும் அவள்தான்.

அதன்பிறகு அறைக்குள் இருந்த ஒவ்வொரு பொருளையும் சோதித்தார்கள், மீனைத் தவிர. மீனைச் சோதிப்பதென்றால் மீன் இருக்கிறது என்று வாத்தியாரிடம் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் எல்லோருக்கும் மறந்தும் போய்விட்டது.

கிவான் ஏறி நூலை அவிழ்த்தான். நாரே அதைக் கறுப்புப் பெட்டியில் போட்டு, விளக்குக்குக் காட்டி, உணரிக்கு முன் வைத்தாள். நூல் சமர்த்தாக ஒளிர்ந்தது. வெண்மை கூட்டுகிற சாயம் போட்ட நூல். மீனில்லாத அறையில் கிவான் மறுபடி போய்வந்தான். கோடு செத்த பாம்பாகக் கிடந்தது.

மயக்கம் தெளிந்தவர்கள் விஷயமும் பிடிபட்டது. அவர்கள் கண்விழிக்கிற நேரம் பார்த்து நாடி பிடிக்க மருத்துவர் உள்ளே போவார். கதவு திறக்கும். தற்செயலாகச் சேர்ந்து விழுகிற துளிகளைக் கழிக்கத்தான் கழித்தார்கள், ஆனால் கதவு மூடியே கிடந்த நேரத்துக் கணக்கை வைத்துக் கழித்தார்கள். கதவு திறந்ததால் நூல் கக்கிய வெளிச்சம் அதில் கழியவில்லை.

"அக்கா," கிவான் மீனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "வாத்தியார் நம்மளை உயிரோட விடுவாரா?"

விட்டார். ஆனால் அந்த அரைமணி நேரத்தைச் சொல்லிமாளாது. நாரே மேசைமேல் மீனை வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஹாம் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். மீனும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து இருக்கு?"

"அறை திறந்த நாள்லேர்ந்து சார்."

"நான் தினமும் காலைல அந்த அறைக்குள்ள போய் ஜெபம் பண்ணுவேன். தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார்."

"விளக்கைப் போடாம, முழங்கால் போட்டு. அந்தக் கதவுகிட்டதான்." அவர் குரல் நடுங்கியது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. "இத்தனை மாசம் ஒரு மீனுக்குக் கீழ முழங்கால் போட்டிருக்கேன்."

கிவான் வாசலில் நின்று இருமினான். சிரிப்பை அடக்கினான் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

ஹாம் எழுந்து, ஆய்விதழுக்குத் தயாராயிருந்த கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று இரண்டு பேருக்குத் தொலைபேசியில் சொன்னார். சுற்றிவளைக்காமல், காரணத்தோடு, மீன் என்ற வார்த்தையை விடாமல் சொன்னார். அதற்காக நாரே அவரைக் கும்பிட்டிருப்பாள். ரிசீவரை வைத்துவிட்டு அவர், "பொய் சொன்னது மீன். மூளை இன்னும் வாயே திறக்கலை. மறுபடி முதல்லேர்ந்து" என்றார். அப்புறம் கேட்டார்: "உங்க அண்ணிகிட்ட யார் சொல்றது?"

நாரே ஜன்னலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் கிவான் கூடவே வந்தான். காரை அவன்தான் ஓட்டினான், அவள் ஓட்டுகிற நிலைமையில் இல்லை. மாசிக்குளிர். ஆற்றோரம் பனி அழுக்காகக் குவிந்துகிடந்தது.

"அக்கா, சொல்லித்தான் ஆகணுமா? அவங்க நிம்மதியா இருக்காங்க. புருஷனுக்குக் கேக்குதுன்னு நம்பிப் பேசிட்டிருக்காங்க. கட்டுரையை நிறுத்தியாச்சு, அறிவியலுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு. அவங்களை விட்டுடலாமே?"

"பொமிக்குத் திங்கக்கிழமை பள்ளிக்கூடம்டா."

"அது சரி…"

"நூல் கண்டு ஒண்ணு சொல்லுச்சுன்னு ஒரு பொண்ணு தன் பிள்ளைய விட்டுட்டு இங்க உக்காந்திருக்கா. நான்தான் அந்த நூலை அங்க மாட்டச் சொன்னேன்."

ஆனால் நாரே சொன்னது பாதி நியாயம்தான், மீதியை அவள் வெளியே சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அண்ணி போய்விடுவாள். அண்ணி போய்விட்டால் அண்ணன் பக்கத்தில் உட்கார இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்? நாரே மட்டும்தான். ஒன்றரை வருஷத்தில் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஏராளம். வருவாள், மருத்துவரைப் பார்ப்பாள், ஸ்கேன் கேட்பாள், தலைச்சுற்றளவு எடுப்பாள், அண்ணன் நெற்றியில் உணரியை எங்கே பொருத்தலாம் என்று விரலால் தொட்டுப் பார்ப்பாள், போய்விடுவாள். அந்தக் கண்ணை நேருக்கு நேர் பார்க்க அவளால் முடியாது. பயம். வெறும் பயம். கருவி ஒன்று நடுவில் இருந்தால் அந்தப் பயம் அறிவியல் ஆகிவிடும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. அன்று குழாயில் அவள் குரலுக்குக் கோடு அசையாதது. மனைவிக்கு அசைந்தது, தங்கைக்கு அசையவில்லை. அதை இத்தனை மாதமாக முள் மாதிரி வைத்துக்கொண்டு நடந்தாள்.

யூரிம் கணவனின் கைநகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே மதிய வெயில் படுக்கைமேல் விழுந்திருந்தது. பக்கத்து மேசையில் டப்பாவில் முள்ளங்கிக் கிம்சி, கருப்பட்டி நிறத்தில் சோயாவில் வேகவைத்த முட்டை. ஹான்சோலைக் கவனித்துக்கொள்கிற ஆயாவுக்குக் கொண்டுவந்தது.

"வா வா. எங்கடி ரெண்டு வாரமா ஆளையே காணோம்? இங்க பாருங்க, உங்க தங்கச்சி வந்திருக்கா. நிக்கிறா பாருங்க, உக்காரவே மாட்டா, கால்ல சக்கரம். சாப்டியா நீ?"

"அண்ணி, கொஞ்சம் வெளிய வரீங்களா?"

"எதுக்கு வெளிய? இவருக்குத் தெரியாம என்ன ரகசியம்?"

நாரே நின்றபடியே சொன்னாள். காலிக் கட்டிலில் ஆரம்பித்து மீனில் முடித்தாள். ஏணியைப் பிடித்ததையும், வாத்தியார் அதன் கீழே ஜெபம் பண்ணியதையும் விடவில்லை.

யூரிம் நகவெட்டியைக் கீழே வைத்தாள்.

"மீனா?"

"ஆமா அண்ணி."

"வீட்டு வாசல்ல கட்டுவமே, அந்த மீனா?"

"அதேதான்."

யூரிம் சிரித்தாள். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஐயோ, அந்த வாத்தியார்… மீனுக்குக் கீழ… ஜெபம்…" சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று நாரேயால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாரே ஒரு அடி முன்னால் வைத்தாள். யூரிம் கையை நீட்டி அவளை அங்கேயே நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அன்னிக்கு அந்த இருட்டுக்குள்ள நான் ஒரு வார்த்தைகூடப் பேசலை."

"என்ன?"

"பேசலைடி. உள்ள போனேன், நின்னேன். வாயைத் திறந்தா, 'என்னால முடியலைங்க, நான் யோசுவுக்குப் போறேன்'னுதான் வந்திருக்கும். டிக்கெட்டு பையில இருக்கு. அதை எப்படிச் சொல்றது? வாயை இறுக்கி மூடிட்டு நின்னேன். ரெண்டு தடவையும் அப்படித்தான்."

உள்ளே மைக் வைத்தால் அதன் சின்னப் பச்சைப் பொட்டு எரியும் என்று எடுத்துவிட்டிருந்தார்கள். அவள் பேசினாளா என்று வெளியே யாருக்கும் தெரியாது. பேசியிருப்பாள் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

"வெளிய வந்தா நீங்க எல்லாரும் அழுதுட்டு நிக்கிறீங்க. என் குரல் கேட்டு வெளிச்சம் வந்துச்சுன்னு நீ சொன்னே. நான்தான் பேசவே இல்லையே! அப்ப நான் என்ன நெனப்பேன் சொல்லு? மனசுல வச்சிருந்ததை அவர் கேட்டுட்டாரு, போகாதேங்கறாருன்னு நெனச்சேன்."

"அண்ணி, அதை அன்னிக்கே சொல்லியிருந்தா…"

"சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு மெஷின் கொண்டுவந்திருப்பே. அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்னு விட்டேன்." யூரிம் கையின் பின்புறத்தால் முகத்தைத் துடைத்தாள். கணவனின் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தாள். "பாவி மனுஷா. நீங்க போகாதேன்னு சொல்லவே இல்லை."

வெளியே வராந்தாவில் யாரோ உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"சரி, இப்பச் சொல்லு. இவருக்குக் கேக்குதா, கேக்கலையா?"

"தெரியாது அண்ணி."

"உனக்குமா?"

"எனக்கும் தெரியாது, வாத்தியாருக்கும் தெரியாது. இந்த குவாண்டம் சமாச்சாரம் நிஜமா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கேக்கலைன்னு சொல்லவும் எங்கிட்ட எதுவும் இல்லை."

யூரிம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "இவர் விழுந்ததுலேர்ந்து நீ எங்கிட்டச் சொன்னதிலேயே இது ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு."

எழுந்தாள். முட்டை டப்பாவை மூடினாள், மேலங்கியை எடுத்தாள், மறுபடி கொக்கியில் மாட்டினாள். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை கெளம்பறேன். பொமியை நான்தான் பள்ளிக்கூடத்துல விடணும். அவ கை நீட்டுறப்போ அம்மா கை அங்க இருக்கணும். மாசத்துக்கு ரெண்டு தடவை அவளைக் கூட்டிட்டு வருவேன். மத்த நாள் நீ."

"அண்ணி, நான்…"

"நீதான். வேற யார் இருக்கா? கேக்கலைன்னு உன்னால சொல்ல முடியாதில்ல? அப்ப யாராவது பேசித்தான் ஆகணும். நான் ஒன்றரை வருஷம் பேசிட்டேன்."

"எனக்கு என்ன பேசறதுன்னே தெரியாது."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?" யூரிம் நாற்காலியை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டாள். "இவரை அளந்தே, தட்டினே, படம் பிடிச்சே. ஒரு நாள் இதுல உக்காந்திருக்கியா? உக்காரு. நான் அம்மாவுக்குப் போன் போட்டுட்டு வரேன்."

கதவு சாத்திக்கொண்டது.

நாரே நின்றாள். ஜன்னலுக்குப் போனாள். கீழே கிவான் காரில் சாய்ந்துகொண்டு எதையோ தின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். வராந்தாவிலிருந்து யூரிமின் குரல் கேட்டது. "பொமி? அம்மாடா… ஆமா… நிஜமாத்தான்… அழாதே, அழாதே" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

நாரே உட்கார்ந்தாள். நுனியில் இல்லை, முதுகு சாயும்படி முழுசாக. அண்ணன் முகத்துக்கு நேராக அவள் முகம் இருந்தது. ஹான்சோலின் கண் வெயில் விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது, அல்லது எதையும் பார்க்கவில்லை. இடது கையில் கடைசி விரல் நகம் மட்டும் வெட்டாமல் மீதி இருந்தது. நகவெட்டியை எடுத்தாள். அவன் கை வெதுவெதுப்பாக இருந்தது. அது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை, வெப்பநிலையைப் பலமுறை அளந்திருக்கிறாள்.

"அண்ணா," என்றாள். குரல் பிசிறியது. மறுபடி ஆரம்பித்தாள். "அண்ணா, நான் நாரே. உனக்கு ஒரு கதை சொல்றேன். நிஜக் கதை. எங்க வாத்தியாருக்குப் பன்றின்னா ஆகாது, தெரியுமில்ல? அதனால நாங்க என்ன பண்ணோம்னா…"

ஏணியைச் சொன்னாள். கிவான் மீன் வாங்கப் போய்ப் பேரம் பேசியதைச் சொன்னாள், கொஞ்சம் கூட்டியே சொன்னாள். இருட்டைச் சொன்னாள். வாத்தியார் தினமும் காலையில் உள்ளே போய் முழங்கால் போட்டதைச் சொன்னாள். தலைக்கு மேலே என்ன தொங்கியது என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது.

அந்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே அவன் சிரித்துக் கெடுத்திருப்பான். நாரே நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்தாள். பிறகு மீதியையும் சொன்னாள்.